சிறப்புரைக்குப் பிறகு ஒரு கேள்வி

கிருஷ்ணாபுரம் என்றால் நம் ஊர்க்காரர்களுக்குச் சிற்பம்தான். திருச்செந்தூர் ரோட்டில் இருக்கிற வெங்கடாசலபதி கோவில், நாயக்கர் காலத்துத் தூண்கள், ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன், நகக்கண் வரைக்கும் செதுக்கிய வீரபத்திரர். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, அப்படியே செந்தூர் முருகனையும் பார்த்துவிட்டுத் திரும்புவோம். அதே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. நம் தலைக்கு மேல் நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகல் முழுக்க ஓடுகிற ஒரு மின்னோட்டத்தைக் கவனிப்பது அதன் வேலைகளில் ஒன்று. அந்த வழியாகப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கு ஒரு பொதுச் சொற்பொழிவில்தான் தெரியவந்தது.

நான் பாளையங்கோட்டையில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருப்பவன். ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்று சொல்லப்படும் ஊரில் இந்தத் தொழில் செய்தால் இரண்டு வகைச் சரக்கு ஓயாமல் கைக்கு வரும். ஒன்று, முனைவர் பட்ட ஆய்வேடு. ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து, அஞ்சு காப்பி. இன்னொன்று, சொற்பொழிவு அழைப்பிதழ். ஆய்வேட்டின் தலைப்பைப் பார்த்து ஆசைப்பட்டு உள்ளே புரட்டினால் பாதி ஆங்கிலம், மீதி அட்டவணை. அழைப்பிதழ் அப்படியில்லை. ‘அனைவரும் வருக’ என்று கீழே போட்டிருக்கும். அதை நான் என்னையும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்வேன். சாயங்காலம் கடையைப் பையனிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவது பழக்கமாகிவிட்டது.

அந்தக் காந்தச் சொற்பொழிவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேச வந்தவர் பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். பிபிடி கொண்டுவரவில்லை. மேஜையில் ஒரு நீளமான கோணி ஊசி, பச்சை நூல், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், ஒரு ஃபெவிக்விக். ஊசியை நடுவில் நூலால் கட்டித் தொங்கவிட்டார். ஒரு பக்கம் தாழ்ந்தது. முடிச்சை நகர்த்தினார். மறுபக்கம் தாழ்ந்தது. இப்படியே நகர்த்தி நகர்த்தி, ஊசி கிடைமட்டமாக நின்றதும் முடிச்சில் ஒரு சொட்டுப் பசை வைத்தார். இதற்கே ஐந்து நிமிஷம் போயிருக்கும். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பின்வரிசையில் ஃபோன் நோண்டிக்கொண்டிருந்த பையன்கள்கூட என்னதான் செய்கிறார் இவர் என்று எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு காந்தத்தை எடுத்து ஊசியின் மேல் ஒரே திசையாகப் பல தடவை இழுத்தார். மறுபடி தொங்கவிட்டார். ஊசி தயங்கித் தயங்கிச் சுற்றி, வடக்கு தெற்காக வந்து நின்றது.

“தலை சாயுதா, பாத்துச் சொல்லுங்க” என்றார்.

சாயவில்லை. முன்போலவே கிடைமட்டமாக இருந்தது.

அப்புறம் டெல்லியில் இருக்கும் தன் பழைய மாணவர் எடுத்தனுப்பிய வீடியோவைப் போட்டார். அதே மாதிரி ஊசி, அதே மாதிரி நூல். காந்தம் ஏற்றுவதற்கு முன்னால் கிடைமட்டமாக நின்ற ஊசி, ஏற்றிய பிறகு வடக்கு முனையைத் தரையை நோக்கி இறக்கிக்கொண்டு நின்றது. பூமியின் காந்தப்புலம் டெல்லியில் 40 பாகைக்கும் மேலாகச் சாய்ந்து தரைக்குள் இறங்குகிறது. நம் ஊரில் ஏறக்குறையத் தரைக்கு இணையாகவே போகிறது. புலம் இப்படிக் கிடையாகப் போகிற இடங்களையெல்லாம் உலகம் பூராவும் சேர்த்து இழுத்தால் வருவது காந்த நடுக்கோடு. புவியியல் புத்தகத்து நிலநடுக்கோடு நமக்குத் தெற்கே எட்டுப் பாகைக்கு மேல் தள்ளிக் கடலுக்குள் கிடக்கிறது. காந்த நடுக்கோடோ இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. ஆண்டுக்காண்டு மெல்ல இடமும் மாறுகிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விட்டார்களே, அந்த மீனவ கிராமத்தைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் கோட்டுக்காகத்தான்.

கோட்டில் அப்படி என்ன விசேஷம் என்றால், அதற்கு நேர் மேலே காற்று மண்டலத்தின் உயரத்தில் மின்சாரம் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகிறது. சூரியக் கதிர் பட்டு அங்குள்ள காற்றில் மின்னேற்றத் துகள்கள் உண்டாகின்றன. உயரக் காற்றோட்டம் அவற்றைக் காந்தப்புலத்தின் குறுக்கே தள்ளும்போது மின்னோட்டம் பிறக்கிறது. புலம் கிடையாக இருக்கிற இந்தப் பகுதியில் மட்டும் அது பலமடங்கு கூடுகிறது. பகலில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். உச்சிவேளையை ஒட்டி உச்சத்துக்கு வரும். ராத்திரி அடங்கிவிடும். பெரு நாட்டில் ஹுவான்காயோ என்ற இடத்து ஆய்வகத்தில் நூறு வருஷத்துக்கு முன்னால் முதலில் கவனித்தார்கள். அந்த ஹுவான்காயோவுக்கும் நம்ம கிருஷ்ணாபுரத்துக்கும் இப்படி ஒரு உறவு.

கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர் கல்லூரிக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை என்று தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வார். “சார், அந்தக் கரண்ட்டக் கீழ எறக்கிப்புட முடியாதா? கூடங்குளத்துக்குப் போட்ட துட்டு மிச்சமாயிருக்குமே?”

அரங்கம் சிரித்தது. பேச்சாளர் சிரிக்கவில்லை. கரும்பலகைக்குத் திரும்பிக் கணக்குப் போட்டார். மொத்தமாகப் பார்த்தால் பல்லாயிரம் ஆம்பியர். ஆனால் வடக்கு தெற்காகச் சுமார் 600 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி ஓடுகிறது. ஒரு சதுர மீட்டர் சன்னல் வழியாகப் போவதைக் கணக்கிட்டால் மைக்ரோஆம்பியர் அளவுக்குத்தான் தேறும். “உங்க கடை பல்புகூட எரியாது அண்ணாச்சி. நூறு கிலோமீட்டருக்குக் கம்பி வேற நடணும்.” அதோடு விடவில்லை. திருப்பிக் கேட்டார்: “அவ்வளவு ஒசரத்துல ஓடுதத யாரும் போய்ப் பாக்கல. ராக்கெட் விடுததுக்கு முன்னாலயே தெரியும். கீழ இருந்துக்கிட்டே எப்படிக் கண்டுபிடிச்சிருப்பாவ?”

கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது வரிசையில் அம்மாவோடு வந்திருந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைதான் சொன்னாள்: கம்பியில் கரண்ட் ஓடினால் பக்கத்தில் இருக்கிற காந்த ஊசி திரும்பும். 1820இல் அயர்ஸ்டெட் கண்டது, பாடப் புத்தகத்தில் இருப்பது. மேலே ஓடினாலும் அதே கதைதான். தரையில் நுட்பமான காந்தமானியை வைத்துப் பார்த்தால் புலத்தின் அளவு காலையிலிருந்து ஏறி, உச்சிவேளையில் உச்சம் தொட்டு, சாயங்காலம் இறங்குகிறது. கோட்டை விட்டுத் தள்ளிப் போனால் இந்த ஏற்றம் குறைகிறது. ஆக, மேலே ஏதோ ஓடுகிறது. எந்தத் திசையில் ஓடுகிறது என்பதும் அதிலிருந்தே கிடைக்கிறது.

பொதுச் சொற்பொழிவு என்றால் இதுதான் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. அறிஞர் தான் அறிந்ததைச் சொல்வதோடு நின்றுவிடாமல், அதை எப்படி அறிந்தோம் என்று கூட்டத்தோடு சேர்ந்து திரும்ப நடந்து காட்ட வேண்டும். விஷயத்தைக் கூகுளில் பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளை பதில் சொன்ன நிமிஷம் கூகுளில் கிடைக்காது.

ஆனால் பத்துக் கூட்டத்துக்குப் போனால் ஒன்றுதான் இப்படி அமைகிறது. மற்றவை ஏன் சொதப்புகின்றன என்பதை அழைப்பிதழிலேயே கண்டுபிடித்துவிடலாம், தொழில் அனுபவத்தில் சொல்கிறேன். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை மூன்று பேர், வாழ்த்துரை ஐந்து பேர், அறிமுகவுரை, அதற்குப் பிறகு கொட்டை எழுத்தில் சிறப்புரை, நன்றியுரை, நாட்டுப்பண். இதில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு அரசு வகுத்த கால அளவு 55 விநாடி. முழு நிகழ்ச்சியிலும் சொன்ன நேரத்துக்குள் முடிவது அது ஒன்றுதான்.

அந்தப் பாட்டை எழுதிய மனோன்மணீயம் சுந்தரனாரை நினைத்தால் இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கும். 1855இல் பிறந்து 42 வயதில் மறைந்த மனிதர். திருநெல்வேலியில் ஆசிரியராக இருந்தவர், திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். கல்வெட்டுகளைப் படித்துத் திருவிதாங்கூர் மன்னர்களின் காலத்தை வரிசைப்படுத்தியவர், திருஞானசம்பந்தர் வாழ்ந்த காலத்தைச் சான்று சான்றாக அடுக்கி ஆராய்ந்தவர். கவிதை ஒரு கை, தத்துவம் ஒரு கை, வரலாறு ஒரு கை. அபிஷேகப்பட்டியில் இருக்கிற பல்கலைக்கழகத்துக்கு 1990இல் அவர் பெயரைத்தான் வைத்தார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் அவர் பாட்டுக்கு எழுந்து நின்றுவிட்டு, உட்கார்ந்தவுடன் சான்று என்ற பேச்சே இல்லாமல் ஒரு மணி நேரம் வாழ்த்திக்கொள்கிறோம்.

ஒரு தடவை வடக்கே இருந்து வந்த தாவரவியல் அறிஞர் ஒருவருக்குப் பேசக் கிடைத்தது பதினெட்டு நிமிஷம். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. அகத்தியமலைக் காட்டில் வருஷக்கணக்காக அலைந்தவர் அவர். வாழ்த்துரை வழங்கியவர்கள் அந்த மலையை வர்ணித்து எடுத்துக்கொண்ட நேரத்தில், மலையைத் தெரிந்த மனிதர் பொன்னாடையோடு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச ஆரம்பித்ததும் கல்லூரி பஸ் புறப்படும் நேரமாகி, பிள்ளைகள் வரிசையாக எழுந்துபோனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஓ.டி. (வகுப்புக்கு வந்ததாகவே வருகைப்பதிவு) கொடுத்து வரிசையில் கூட்டிவந்து நாற்காலியை நிரப்பியவர்கள்தானே.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் பார்க்கிறேன். இந்தச் சொற்பொழிவுகளில் பலவும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள். யாரோ ஒரு புண்ணியவான் தன் அப்பா பேரில் அந்தக் காலத்தில் பத்தாயிரம் ரூபாயை வங்கியில் போட்டு, வட்டியில் வருஷம் ஒரு சொற்பொழிவு நடத்தச் சொல்லியிருப்பார். அன்றைக்கு அது பெரிய தொகை. இன்றைக்கு ஏழு சதவீத வட்டி என்றால் 700 ரூபாய். சென்னையிலிருந்து ஒருவர் படுக்கை வசதி பஸ்ஸில் வந்துபோகக் காணாது. மீதியைக் கல்லூரி போடும். போட்டால் அதற்குக் கணக்கு வேண்டும். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் கமிட்டி வரும்போது காட்ட ஜியோ டேக் உள்ள புகைப்படம் வேண்டும், வந்தவர்கள் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். மேடையில் பத்துப் பேர் இருந்தால்தான் படம் நிறைவாக வரும். சொற்பொழிவு நடந்தது என்பதற்கான சாட்சியம் சேகரிக்கிற வேலையில் சொற்பொழிவு கரைந்துபோகிறது.

லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்று ஓர் அமைப்பு. 1825இல் மைக்கேல் ஃபாரடே அங்கே வெள்ளிக்கிழமைச் சாயங்காலச் சொற்பொழிவுகளைத் தொடங்கி வைத்தார். கொல்லன் மகன், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்றவர் (இந்த ஒரு காரணத்துக்காகவே அவர் மேல் எனக்குத் தனிப் பாசம்). கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுக்க, போய்க் கேட்டு, குறிப்பெடுத்து, அதைத் தானே பைண்டு செய்து டேவிக்கே அனுப்பி, அதன் மூலம் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பொதுச் சொற்பொழிவே அவரை உருவாக்கியது. பின்னாளில் ஒற்றை மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு சிறுவர்களுக்காக அவர் நடத்திய தொடர் இன்றைக்கும் புத்தகமாகக் கிடைக்கிறது. அந்த வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவில் ஒரு மரபு உண்டு: மணி அடித்ததும் பேச்சாளர் உள்ளே வருவார், வணக்கமோ அறிமுகமோ இல்லாமல் விஷயத்தைத் தொடங்குவார், ஒரு மணி நேரம் முடிகிற கணத்தில் நிறுத்துவார். 1846இல் வீட்ஸ்டன் என்பவர் மேடைக்கு வர வேண்டிய நேரத்தில் பயந்து ஓடிவிட்டார் என்றும், அதிலிருந்து பேச்சாளரை முன்னாலேயே ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்றும் ஒரு கதை. ஓடியது நிஜமா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் இருக்கிறது. நம் ஊரில் பூட்டினால் வாழ்த்துரைக்காரர்களைப் பூட்ட வேண்டும்.

அங்கே நன்றாக இருக்கிறது, இங்கே மோசம் என்று எழுத உட்காரவில்லை. உட்கார்ந்து கேட்பதில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்ட ஊர் இது. சுடலைமாடன் கதையில் எந்த இடத்தில் பாட்டுக்காரர் தாண்டிப் போனார் என்று காலையில் சொல்லிவிடும் ஆச்சிகள் இன்னமும் இருக்கிறார்கள். கோவிலில் கம்பராமாயணம், சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம், மைதானத்தில் கட்சிக் கூட்டம். ஒரு மணி நேரம் ஒருவர் பேசுவதைக் கேட்கிற பொறுமையை நாம் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. பட்டிமன்றம் நம்மை ஒரு பழக்கத்துக்கு ஆளாக்கிவிட்டது: கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இந்த அணி, இல்லாவிட்டால் அந்த அணி. கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஆராய்ச்சி அப்படி முடிவதில்லையே.

தொல்லியல் சொற்பொழிவுகளில் இது பளிச்சென்று தெரியும். இந்தப் பக்கத்தில் கூட்டம் சேர்க்க வேண்டுமென்றால் ஆதிச்சநல்லூர் என்று தலைப்பு வைத்தால் போதும். 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 தொடங்கி அலெக்சாந்தர் ரீ தோண்டினார். அதற்கப்புறம் ஒரு நூற்றாண்டு பேச்சுமூச்சில்லை. 2004இல்தான் மறுபடி மண்வெட்டி இறங்கியது. அந்தக் கோபம் ஊருக்கு இருக்கிறது, இருக்கத்தான் செய்யும். ஆகவே மேடையில் ஒருவர் ஆண்டைச் சொன்னால் போதும், கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

சிவகளை பற்றிப் பேச வந்த ஒருவர் அந்தக் கைதட்டலைக் கையமர்த்தினார். முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்குப் பொ.ஆ.மு. (அதாவது கி.மு.) 1155 என்று காலம் வந்ததாக 2021இல் அரசு அறிவித்தது. 2025 ஜனவரியில் வந்த அறிக்கை இரும்பின் காலத்தைப் பொ.ஆ.மு. 3345 வரை கொண்டுபோனது. இந்த இரண்டு எண்ணையும் பலகையில் எழுதிவிட்டு அவர் சொன்னார்: “இரும்புக்கு நேரா வயசு பாக்கல. அதோட கெடந்த கரிக்குத்தான் பாத்துருக்கு.” உயிரோடு இருக்கும்வரை மரமும் நெல்லும் காற்றிலிருந்து கார்பன்-14ஐ எடுத்துக்கொண்டே இருக்கும். செத்ததும் வரத்து நின்றுவிடும், உள்ளே இருப்பது 5730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மிச்சம் எவ்வளவு என்று எண்ணினால் செத்து எத்தனை காலம் என்று தெரியும். சில மில்லிகிராம் கார்பன் இருந்தாலே போதும். ஆனால் கருவி சொல்வது கரியின் வயது. அந்தக் கரியும் இரும்பும் ஒரே நாளில் தாழிக்குள் போனவைதானா என்பதைக் கருவி சொல்லாது. தோண்டியவர் மண்ணடுக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவுமில்லாமல் ஆய்வகம் கொடுப்பது ‘இத்தனையிலிருந்து இத்தனைக்குள்’ என்ற வரம்பை. பத்திரிகையில் வருவது ஒற்றை எண்.

அரங்கில் ஒரு முறுமுறுப்பு எழுந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர், “என்னவே இவரு, நம்ம ஆளா, இல்ல எதிர்க்கட்சியா?” என்றார். கேள்வி நேரத்திலும் அதுவே வந்தது. “அப்போ நாமதான் உலகத்துல முதல்ங்கது உறுதியாயிட்டா இல்லயா? அத மட்டும் சொல்லுங்க.” பேச்சாளர் அசரவில்லை. இந்தக் காலக்கணிப்புகள் பெரிய செய்தி என்றார். இன்னும் பல இடங்களில் இதே காலத்து இரும்பு கிடைத்தால் வலுப்படும் என்றார். அதற்கு மேல் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லவில்லை. தீர்ப்பு இல்லாமல் கூட்டம் கலைவதில் பலருக்கு ஏமாற்றம்.

அந்த நேரத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து விவசாயி ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டியபடியே எழுந்தார். “ஐயா, அந்த நெல்லு காரா, பிசானமா?”

நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோடைக் கடைசியில் தென்மேற்குப் பருவ மழையை நம்பி நடுவது கார், வடகிழக்கை நம்பி நடுவது பிசானம். பேச்சாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “தெரியாதுங்க. யாரும் கேட்டும் நான் பார்த்ததில்லை” என்றார். விவசாயி விடவில்லை. கார் என்றால் அந்தக் காலத்திலேயே தாமிரபரணியில் கோடைத் தண்ணீரைத் தேக்கி வைத்துத் திருப்பியிருக்க வேண்டும், பிசானம் மட்டும் என்றால் மழையும் குளமும் போதும் என்றார். தாழிக்குள் நெல் வைத்தவர்களுக்கு அணைக்கட்டு தெரிந்திருந்ததா என்பதுதான் அவர் கேட்டதன் உள்ளர்த்தம். பேச்சாளர் பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். எந்தப் பருவத்தில் விளைந்தது என்பதை நெல்லோடு கலந்து கிடைக்கும் களை விதைகளை வைத்து ஊகிக்க ஒரு வழி உண்டு, அதற்கு மண்ணைச் சலித்து வைத்திருக்க வேண்டும் என்று பிறகு அவரே விளக்கினார். ‘முதலா, இல்லையா’ என்ற கேள்விக்கு மண்ணைச் சலிக்க வேண்டிய அவசியம் இல்லை. ‘காரா, பிசானமா’ என்பதற்கு இருக்கிறது.

இப்படிக் கேட்கிறவர்களையும் ஆய்வுக்காரர்களையும் ஒரே பாயில் உட்காரவைத்த முன்னோடி ஒருவர் நமக்கு இருந்தார். நாங்குநேரியில் 1917இல் பிறந்த நா. வானமாமலை. பல்கலைக்கழகப் பதவி எதுவும் கையில் இல்லாமல், டுடோரியல் நடத்திக்கொண்டே, 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். ஆசிரியர், வக்கீல், தொழிற்சங்கக்காரர் என்று பலரும் வருவார்கள். ஒருவர் கட்டுரை வாசிப்பார், மற்றவர்கள் கிழிப்பார்கள், திருத்தி எழுதிக்கொண்டு வருவார். அந்தக் கட்டுரைகளுக்காகவே ‘ஆராய்ச்சி’ என்ற இதழையும் நடத்தினார். கதைப்பாடலைத் தொகுத்த அதே கை அறிவியலையும் எளிய தமிழில் எழுதியது. அதற்கு முந்தைய தலைமுறையில் வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கிய வட்டம். அங்கே ஒரு சாயங்காலத்துக்கு ஒரு கம்பன் பாட்டு போதும் என்பார்கள். ரசனையில் எனக்கு டி.கே.சி.; ஆனால் எது நம் ஊருக்கு இப்போது வேண்டும் என்று கேட்டால் நா.வா.தான். ரசிகர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. கட்டுரையைக் கிழிக்கிறவர்களைத்தான் காணோம்.

யூட்யூப் இருக்கும்போது எதற்கு இத்தனை பாடு என்று என் மகன் கேட்கிறான். ஐஐடி வகுப்புகளே என்பிடெல்லில் இலவசமாகக் கிடைக்கின்றன. ரிச்சர்ட் ஃபைன்மன் 1964இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொதுமக்களுக்குப் பேசியதைப் படுக்கையில் படுத்துக்கொண்டு பார்க்கலாம். நானும் பார்க்கிறேன், வாய் பிளந்து பார்க்கிறேன். ஆனால் ஃபைன்மனிடம் பிசானத்தைப் பற்றிக் கேட்க முடியாது. நம் மண்ணைப் பற்றிய ஆராய்ச்சி நம் மண்ணிலேயே நடக்கிறபோது, அதைச் செய்கிறவர் பஸ் பிடித்தால் அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறபோது, படுக்கையில் படுத்திருப்பது சோம்பேறித்தனம்.

கொக்கிரகுளத்து அறிவியல் மையத்தை இந்த இடத்தில் சொல்லாவிட்டால் பாவம். 1987இலிருந்து ஆற்றங்கரையில் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அஞ்சாம் வகுப்புச் சுற்றுலாவில் போனதோடு சரி.

நான் கேட்க ஆசைப்படும் சொற்பொழிவுகளின் பட்டியல் மனசுக்குள் நீண்டுகொண்டே போகிறது. நெல்லையப்பர் கோவில் மணிமண்டபத்துத் தூண்களைத் தட்டினால் ஸ்வரம் வருகிறதே, ஒரே கல்லில் செதுக்கிய சின்னத் தூண்களின் நீளமும் பருமனும் ஓசையை எப்படி மாற்றுகின்றன என்று ஒருவர் அளந்து காட்ட வேண்டும். அந்தத் தூணைச் செய்வித்தவன் யார் என்று கல்வெட்டுக்காரர் அதே மேடையில் சொல்ல வேண்டும். இடையன்குடியில் இருந்துகொண்டு கொற்கையில் குழி தோண்டிப் பார்த்த கால்டுவெல்லைப் பற்றி, இலக்கணத்தை விட்டுவிட்டு அந்தக் குழியை மட்டும் பேச ஓர் ஆள் வேண்டும். ஜனவரியில் குளம் குளமாகப் போய்த் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் பறவை எண்ணுகிறார்களே, பறக்கிற கூட்டத்தை எப்படி எண்ணுகிறார்கள்?

எல்லாவற்றுக்கும் மேலே ஜான் ஆலன் புரூன். ஸ்காட்லாந்துக்காரர், திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வகத்துக்கு 1852இல் பொறுப்பேற்றவர். காந்த நடுக்கோட்டுக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு கீழே மட்டும் அளந்தால் போதாது என்று, 1855இல் அகத்தியமலை உச்சிக்கே கருவிகளைத் தூக்கிக்கொண்டு போய் ஓர் ஆய்வகம் கட்டினார். ஆறாயிரம் அடிக்கு மேல். யானைக்காடு, ஓயாத மழை, அட்டை. அகத்தியர் உட்கார்ந்து தமிழுக்கு இலக்கணம் வகுத்ததாகச் சொல்கிறோமே, அதே பொதிகையில் காந்த ஊசி ஆடுவதைக் குறித்துவைத்திருக்கிறார்கள். திருவனந்தபுரத்து அளவுகளையும் மலையுச்சி அளவுகளையும் சேர்த்து 1874இல் புத்தகமாகப் போட்டார். கருவியை மேலே சுமந்தவர்கள் யார், அவர்கள் எந்த ஊர்க்காரர்கள், மழைக்காலத்தில் ஊசியைப் பார்த்து எண்ணைக் குறித்தது யார் கை? இயற்பியல்காரர் ஒருவரும் வரலாற்றுக்காரர் ஒருவரும் சேர்ந்து வந்தால்தான் இதைப் பேச முடியும். அம்பாசமுத்திரத்தில் வைத்தால்கூட நான் கடையை அடைத்துவிட்டு வந்துவிடுவேன்.

பேசத் தயாராக யாராவது இருந்தால் சொல்லுங்கள். அழைப்பிதழ் அச்சுக்கூலி என் செலவு. சிறப்புரை ஒரு மணி நேரம், கேள்வி ஒரு மணி நேரம் என்று இரண்டே வரிதான் போடுவேன். முன்னிலை, வாழ்த்துரை என்று பெயர் சேர்க்க வந்தால் பெயருக்கு ஐநூறு ரூபாய் வீதம் வசூலிப்பதாக இருக்கிறேன், டீச் செலவுக்கு ஆகும்.